பாறையும் வேரும்

பெங்களூரிலிருந்து சென்னை நோக்கி வரும் இருப்புப்பாதையில், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பங்காருபேட்டைச் சந்திப்பு. மைசூர் நாட்டின் கமிஷனராக விளங்கிய லெவின் பௌரிங் என்பாரின் பெயரால் முன்னாளில் பௌரிங்பேட்டை என்று வழங்கிய ஊர் இது. பிற்காலத்தில் வாய்த்த பெயரே இவ்வூருக்குப் பொருத்தமானது எனலாம். 'பங்காரு' என்பதற்குப் பொன் என்று பொருள். கோலார் தங்கவயலுக்குச் செல்வோர் இங்கே வண்டி மாறி, மாரிக்குப்பம் வரை செல்லும் கிளைவண்டியில் ஏறவேண்டும். 1894 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கிளைப்பாதை அது. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நம் மக்கள், தலைமுறை தலைமுறையாக அப்பாதையில் சென்று அங்கே குடியேறினர். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலருக்கு, இந்த நிலையம் நேரிற் கண்டதாகவோ கேள்விப்பட்டதாகவோ இருக்கும்.

கிளைவண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்து வெளியே நோக்கினால் மூன்று காட்சிகள் தோன்றும். முதலாவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற பெரும் பாறைகள். இரண்டாவது, அப்பாறைகளுக்கு இடையே விரிந்து கிடக்கும் செம்மண் நிலம். அதிலே கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகின்றன. மூன்றாவது, தங்கவயலை நெருங்கும்போது கண்ணிற்படும் சாம்பல் நிறக் குன்றுகள். இவை இயற்கையாக எழுந்த குன்றுகள் அல்ல. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை ஆலையில் மாவாக அரைத்து, பொன்னைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி எழுந்த குவியல்கள். பொன்னைப் பிரிப்பதற்குச் சைனைடு பயன்பட்டமையால், 'சைனைடு டம்ப்' என்றே ஊரார் அவற்றைக் குறிப்பிடுவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தம் நாம் அவ்வண்டியிற் சென்றபோது, நிலத்தின் அடியில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தார். அவர் சாம்பல் மேட்டைச் சுட்டிக்காட்டி, "எங்கப்பாவும் நானும் ஆயுசு பூரா கல்லை உடைச்சோம் சார். மாவா அரைச்சுக் கொட்டியிருக்கு. மழையும் பெய்யுது, வெயிலும் அடிக்குது. ஒரு பிடி ராகி அதுல முளைக்குமா? இந்தப் பக்கம் பாருங்க. யாரும் உடைக்காத கல்லுதான், தானே மண்ணாகிக் காடும் கழனியுமா இருக்கு" என்றார்.

பேச்சுவாக்கில் அவர் கூறியது ஆழ்ந்து எண்ணத்தக்க ஒரு வினா. சாம்பல் தூளும் செம்மண்ணும் அந்நிலத்துப் பாறைகளிலிருந்தே பிறந்தவை. ஒன்று உணவளிக்கிறது, மற்றொன்று காற்றில் பறந்து கண்ணைக் கரிக்கச் செய்கிறது. கல் பொடியாவது வேறு, கல் மண்ணாவது வேறு என்பது இதிலிருந்து விளங்கும். கல்லை மண்ணாக்கும் வேலையில் வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் பங்கு உண்டு என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தாவரங்களுக்கு உரிய பங்கு எத்துணைப் பெரியது என்பதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனையே இங்கே சிறிது விரித்துக் கூற விரும்புகிறோம்.

இது நம் முன்னோர் அறியாத செய்தியன்று. மென்மை வன்மையை வெல்லும் என்பதற்கு 'நல்வழி' என்னும் நூலில் ஔவையார் காட்டும் சான்றுகளுள் ஒன்று பாறையைப் பற்றியது. இரும்பாலான கடப்பாரைக்கு இணங்காத கல், உயிருள்ள மரத்தின் வேருக்கு இணங்கிவிடும் என்பது அவர் கருத்து. கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை கல்லைக் குடைந்த தங்கவயலில் இக்கருத்தை நினைவுகூர்வது பொருத்தமே.

பாறை சிதைவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல், வானிலை என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது. அதனால் தமிழிலும் 'வானிலைச் சிதைவு' என்று சிலர் மொழிபெயர்த்தனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் முழுநிறைவு தருவதில்லை. வெயில், மழை ஆகியவற்றின் செயலை மட்டுமே அது நினைவூட்டுகிறது. வேரின் செயலை விட்டுவிடுகிறது. 'பாறைச் சிதைவு' என்னும் மற்றொரு சொல்லே பொதுவாகப் பொருந்துவது. அதனுள் உடைத்தலாகிய பௌதிகச் சிதைவும், கரைத்தலாகிய இரசாயனச் சிதைவும் அடங்கும். தாவரங்கள் இவ்விரண்டையும் செய்கின்றன.

முதலில் பாறையின் இயல்பை அறிதல் வேண்டும். தங்கவயலின் பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் உடையது. அதன் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள். கடலடியில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பே பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறி, கருமை படர்ந்த தகட்டுப் பாறையாயிற்று. அப்பட்டையின் இருபுறமும் கருங்கல் இனத்தைச் சேர்ந்த வெளிர்நிறப் பாறைகள் உள்ளன. பங்காருபேட்டையைச் சுற்றி நாம் காணும் உருண்ட பாறைகள் இவ்வகையினவே. கருங்கல் என்பது ஒரே பொருள் அன்று. ஒரு துண்டை உடைத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் மூன்று வகைத் துகள்கள் தென்படும். கண்ணாடி போன்றது குவார்ட்ஸ். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார். கறுப்பாக மின்னுவது, நம்மவர் காக்காய்ப்பொன் என்று கூறும் அப்பிரகம். இம்மூன்றும் ஒன்றோடொன்று கோத்து இறுகியதே கருங்கல். இக்கோப்பு எவ்வாறு தளர்கிறது என்பதே நம் கதை.

மொட்டைப் பாறையின்மீது முதன்முதலாகக் குடியேறுவது மரமும் அன்று, புல்லும் அன்று. சாம்பல், பச்சை, மஞ்சள் நிறங்களில் வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும் கல்பாசியே அது. செட்டிநாட்டுச் சமையலில் மணத்திற்காகச் சேர்க்கும் கல்பாசியும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். பாசி என்று பெயர் பெற்றாலும் இது தனி ஓர் உயிர் அன்று. காளானும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம். பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. காளான் கல்லைப் பற்றிக்கொண்டு ஈரத்தையும் உப்புக்களையும் தேடித் தருகிறது. முறையாகச் சொன்னால் இது தாவரமும் அன்று. எனினும் தாவரங்களுக்கு வழி திறந்துவிடும் முன்னோடி ஆதலின் இதனை விட்டுவிட்டுப் பேச இயலாது. கல்லோடு ஒட்டிப் படரும் வகைகள் ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. ஆயினும் அவற்றின் நூல் போன்ற இழைகள் துகளுக்கும் துகளுக்கும் இடையே நுழைகின்றன. மழை பெய்தால் அவை ஊறிப் பருக்கின்றன. வெயில் அடித்தால் உலர்ந்து சுருங்குகின்றன. ஒட்டிய துகளை அவை இவ்வாறு இழுத்து இழுத்துத் தளர்த்துகின்றன. அன்றியும், புளியாரைக் கீரையின் புளிப்புக்குக் காரணமான ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து கல்லை அரிக்கின்றன. ஒரு கல்பாசியைக் கத்தியாற் சுரண்டிப் பார்த்தால், அதன் அடியிலே தளர்ந்த துகள்கள் ஒட்டிக்கொண்டு வருவதைக் காணலாம்.

இவ்வாறு தளர்ந்த துகளும், காற்றுக் கொணர்ந்த தூசியும், மடிந்த கல்பாசியும் பாறையின் சிறு பள்ளங்களிற் சேர்கின்றன. அவற்றில் மாசிப்பச்சை போன்று மெத்தென்ற பாசங்கள் தழைக்கின்றன. பாசம் பஞ்சைப்போல் நீரை ஏந்தி வைக்கிறது. மழை நின்ற பின்னரும் பல மணி நேரம் கல் ஈரமாக இருப்பதற்கு அதுவே காரணம். ஈரம் இல்லையேல் கல்லைக் கரைக்கும் வேலை நின்றுவிடும். ஆதலின் நீரை நிறுத்தி வைப்பதே பெரிய உதவியாகும். பிறகு புல்லும் பெரணியும் வருகின்றன. பறவைகள் ஆல், அரசு, அத்தி முதலியவற்றின் பழங்களைத் தின்று எச்சமிடுகின்றன. ஒரு பிடி மண்ணும் இல்லாத வெடிப்பில், ஒரு நாள் இரண்டு தளிர் இலைகள் தலைகாட்டுகின்றன.

இனி வேரின் வலிமையைக் காண்போம். வளரும் வேர்நுனி, சதுரச் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோகிராம் எடை அளவிற்கு அழுத்தம் தரவல்லது. மோட்டார் காரின் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப்போல் இது நான்கைந்து மடங்கு. ஆயினும் ஊறுபடாத கருங்கல்லைப் பிளப்பதற்கு இது போதாது. வேர் கல்லைத் துளைக்கிறது என்று நாம் சொல்வது வழக்கு. உண்மையில் அது கல்லில் முன்னரே உள்ள வெடிப்பைத் தேடிப் புகுகிறது. பகல் வெயிலில் விரிந்து இரவின் குளிரில் சுருங்குவதனாலும், மேலிருந்த பாறைச்சுமை நாளடைவில் நீங்கியதனாலும், கருங்கல்லில் மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகின்றன. நூலினும் மெல்லிய வேர்த்தூவிகள் அவற்றில் நுழைகின்றன. பிறகு வேர் பருக்கிறது. ஆப்பை அடித்தால் மரம் பிளப்பது எவ்வாறு? ஆப்பின் விசை முழுவதும் வெடிப்பின் முனையிற் சென்று குவிவதனால் அன்றோ? வேரும் அவ்வாறே சிறு விசையை ஓரிடத்திற் குவித்து வெடிப்பை நீட்டுகிறது. கல்தச்சர்கள் வரிசையாகக் குழி தோண்டி, உலர்ந்த மர ஆப்புகளை இறுக்கி, நீர் ஊற்றி ஊறவைத்துக் கல்லைப் பிளப்பது பழைய முறை. அம்முறையை வேரிடமிருந்தே கற்றனர் போலும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

வேருக்கு வேறொரு துணையும் உண்டு. மரம் உயர்ந்து கிளை பரப்பிய பின்னர், காற்று வீசும்போதெல்லாம் அடிமரம் ஆடுகிறது. அந்த ஆட்டம் நெம்புகோல்போல் வேருக்குச் சென்று, வெடிப்பைத் திறந்தும் மூடியும் அசைக்கிறது. வெடிப்பு சிறிது திறந்தவுடன் மணலும் சிறுகல்லும் உள்ளே சரிந்து விழுகின்றன. பின்னர் அது பழையபடி மூடிக்கொள்ள இயலாது. அவ்விடத்தில் நீர் தேங்குகிறது, சருகு மக்குகிறது, புதிய வேர்கள் நுழைகின்றன. பல ஆண்டுகள் கழிந்து ஒரு நாள் அந்தப் பாறை இரண்டாகி நிற்கிறது.

இத்தனையும் உடைக்கும் வேலைதான். இதனை மட்டும் பார்த்தால் சுரங்கத் தொழிலாளரின் துளைக்கருவி வேரினும் பன்மடங்கு விரைவானது. வேரின் தனித்திறமை கரைக்கும் வேலையில் இருக்கிறது.

நம்மைப்போலவே வேரும் சுவாசிக்கிறது, கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. மண்ணிலுள்ள எண்ணற்ற நுண்ணுயிர்களும் சருகை மக்கச் செய்யும்போது அதே வாயுவை விடுகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமிலவாயு ஏறத்தாழ 0.04 சதவீதமே உள்ளது. மண்ணின் இடைவெளிகளில் உள்ள காற்றிலோ அது பத்து முதல் நூறு மடங்கு வரை மிகுந்திருக்கும். இவ்வாயு மண்ணின் ஈரத்திற் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. சோடாத் தண்ணீரைப் பருகும்போது நாவில் சுள்ளென்று படுவது இந்த அமிலத்தின் புளிப்பே. மிகவும் மென்மையான அமிலம்தான். ஆனால் அது ஆண்டு முழுவதும், நூற்றாண்டு நூற்றாண்டாக, பாறையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. பெல்ஸ்பார் அதற்கு ஆற்றாமல், தன்னிடமுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவற்றை நீருக்குக் கொடுத்துவிட்டு, வெண்களிமண்ணாக மாறிவிடுகிறது. கருங்கல்லிலே பெல்ஸ்பாரே பெரும்பகுதி. அது களிமண்ணானால் கோப்பு முழுவதும் குலைந்துபோகும்.

அன்றியும், வேர்கள் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் போன்ற பல அமிலங்களைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. இவை கல்லில் உள்ள இரும்பையும் அலுமினியத்தையும் குறடு கொண்டு பிடிப்பதுபோல் பிடித்து வெளியே இழுத்துவிடுகின்றன. காக்காய்ப்பொன்னின் தகடுகளுக்கு இடையே பொட்டாசியம் அடைபட்டிருக்கிறது. பயிருக்கு இன்றியமையாத உணவு அது. நெடுங்காலம் சிறைப்பட்டிருக்கும் அதனை, வேர் விரைவில் விடுவித்துவிடும். புல்லின் வேர்களை அப்பிரகத் தூளோடு சேர்த்து வளர்த்த சோதனைகளில், சில நாட்களுக்குள்ளேயே பொட்டாசியம் வெளியேறி, அப்பிரகம் வேறு கனிப்பொருளாக மாறத் தொடங்கியதைக் கண்டனர். வேரைச் சூழ்ந்து வாழும் காளான்களோ இதனினும் கைதேர்ந்தவை. ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாத விட்டமுடைய நுண்துளைகள் பெல்ஸ்பார்த் துகள்களுக்குள்ளே ஓடுவதை ஆராய்ச்சியாளர் கண்டு, 1997 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவை காளான் இழைகள் கல்லைக் கரைத்துச் சென்ற சுரங்கங்கள் என்பது அவர்தம் முடிவு. கோலாரில் மனிதன் தோண்டிய சுரங்கங்களைப் பற்றி உலகம் அறியும். நம் காலடியில் உள்ள ஒவ்வொரு மணல் துகளைச் சுற்றியும் இவ்வாறு ஒரு சுரங்கத் தொழில் நடைபெறுவதை நாம் அறியோம்.

தாவரம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் பாறைச் சிதைவு எவ்வளவு வேறுபடும் என்பதை ஐஸ்லாந்துத் தீவில் அளந்திருக்கின்றனர். அங்கே ஒரே வகை எரிமலைப் பாறை ஓரிடத்தில் மொட்டையாகவும், அருகிலேயே மரங்கள் செறிந்தும் காணப்படுகிறது. மரங்கள் உள்ள பகுதியில் கால்சியமும் மக்னீசியமும் மொட்டைப் பகுதியைவிட 2 முதல் 5 மடங்கு விரைவாகப் பாறையிலிருந்து வெளிவந்தன. தங்கவயலின் கரும்பாறையும் பிறப்பால் எரிமலைப் பாறையே ஆதலின், இந்த அளவீடு நமக்கும் பாடமாகிறது.

கரைந்தவை கரைந்தபின் எஞ்சுவது என்ன? பெல்ஸ்பார் களிமண்ணாகிறது. எளிதிற் கரையாத குவார்ட்ஸ் மணலாக நிற்கிறது. கறுப்புத் துகள்களில் இருந்த இரும்பு, பிராணவாயுவோடு கூடித் துருவாகி, எல்லாவற்றிற்கும் செந்நிறம் பூசுகிறது. இவற்றோடு இலையும் வேரும் மக்கிய கரிம உரம் சேருகிறது. கோலார் மாவட்டத்துச் செம்மண்ணின் வரலாறு இதுவே. ஓர் அங்குல மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பர். மாதக்கணக்கில் விளையும் கேழ்வரகு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் உழைப்பின்மீது நின்று விளைகிறது.

இங்கே ஒரு முரண்பாடு போலத் தோன்றுவதையும் விளக்கவேண்டும். கல்லைச் சிதைக்கும் வேரே, சிதைந்த மண்ணைச் சிதறாமற் காக்கிறது. மழைத்துளியின் அடியை இலை தாங்குகிறது. ஓடும் நீரைப் புல் தடுக்கிறது. மண்ணை வேர் பின்னிப் பிடிக்கிறது. சரிவில் உள்ள செடிகொடிகளை வெட்டிவிட்டால், ஆயிரம் ஆண்டில் உண்டான மண் சில மழைக்காலங்களில் அடித்துச் செல்லப்பட்டு ஏரிகளைத் தூர்த்துவிடும். ஏரிகள் மலிந்த கோலார் மாவட்டத்து உழவர்கள் இதனைப் பட்டு அறிந்தவர்கள்.

பாறையிலிருந்து கரைந்து போகும் உப்புக்கள் எங்கே செல்கின்றன? நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு கோலார் மாவட்டத்தின் வழியாகத் தமிழகம் புகுந்து வேலூரைக் கடந்து வங்கக் கடலை நோக்கிச் செல்கிறது. தங்கவயலுக்குக் குடிநீர் அளித்த பேத்தமங்கலம் ஏரி இவ்வாற்றின்மீது அமைந்ததே. வெள்ளம் வரும் காலங்களில் இப்பாறைகளின் கால்சியமும் அந்நீரோடு கடலை நோக்கிப் பயணம் செய்கிறது. அத்துடன் செல்வது மற்றொன்றும் உண்டு. பாறையைக் கரைத்த கரியமிலவாயு, காற்றுக்குத் திரும்பாமல், உப்பின் உருவில் நீரில் கலந்து செல்கிறது. கடலில் வாழும் சிப்பி முதலிய உயிர்கள் அதனைக் கால்சியத்தோடு சேர்த்து ஓடுகளாக்கி, சுண்ணாம்புக் கல்லாகப் புதைத்துவிடுகின்றன. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமாக வேரூன்றும் மரங்கள் உலகிற் பரவியபோது, காற்றில் கரியமிலவாயு பெரிதும் குறைந்து பூமி குளிர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். இன்று நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து அவ்வாயுவைப் பெருக்கும் வேகத்திற்கு வேரின் வேலை ஈடுகொடுக்காது. ஆயினும் நீண்டகாலக் கணக்கில் பூமியின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் கருவிகளுள் இதுவும் ஒன்று.

இயற்கைப் பாறை சிதைவது நன்மை. மனிதன் செதுக்கி அடுக்கிய பாறை சிதைவதோ இழப்பு. கோபுரத்தின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்துக்கொண்டே செல்லும் நாம், அது என்ன செய்கிறது என்பதை எண்ணுவதில்லை. கம்போடியாவில் அங்கோர்ப் பகுதியைச் சேர்ந்த தா புரோம் கோயிலில், பெருமரங்களின் வேர்கள் சுவர்களைக் கவ்விப் பிளந்து நிற்கும் காட்சி உலகறிந்தது. நம் நாட்டில், ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் கையில் உழவாரப்படையுடன் சிற்பங்களிற் காணப்படுகிறார். கோயில்களில் முளைக்கும் புல்லையும் செடியையும் செதுக்கி எறியும் கருவி அது. கன்று சிறிதாக இருக்கும்போதே நீக்கவேண்டும் என்னும் அறிவு அத்தொண்டினுள் அடங்கியிருக்கிறது. தண்டை மட்டும் ஒடித்தால் உள்ளே நின்ற வேர் மீண்டும் தளிர்க்கும். வேர் தடித்தபின் வலிந்து இழுத்தால் கல்லும் சேர்ந்து பெயரும். வாடகை வீட்டின் கைப்பிடிச் சுவரில் முளைத்த ஆலங்கன்றுக்கும் இவ்விதியே பொருந்தும்.

இப்போது அந்தப் பெரியவரின் வினாவுக்குத் திரும்புவோம். கோலார்ச் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் அங்கிருந்து வெளிவந்தது. எஞ்சிய தூள் 13 குவியல்களில் சுமார் 3.3 கோடி டன் இருக்கிறது. அத்தூள் மண்ணாகாமைக்குக் காரணங்கள் வெளிப்படை. அது அளவிலே மண்ணைப்போல் நுண்ணியது, ஆனால் அதில் மக்கிய சருகு இல்லை, வேர் இல்லை, காளான் இழை இல்லை, நுண்ணுயிர்கள் மிக அரிது. பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் கல்லில் இருந்து கிடைப்பதன்று. நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தருவது. தூளில் கலந்துள்ள கந்தகத் தாதுக்கள் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகி, முளைக்க வரும் விதையையும் வாட்டுகின்றன. மண்ணில் மென்மையான அமிலத்தை வேரே அளவோடு தருகிறது. இங்கோ கடுமையான அமிலம் வேருக்கு முன்னரே வந்து நிற்கிறது. துகள்களைக் கோத்துப் பிடிப்பார் எவரும் இல்லாமையால், கோடைக் காற்றில் தூள் எழுந்து வீட்டுக்குள் புகுகிறது. உணவுப் பாத்திரத்திலும் குழந்தையின் கண்ணிலும் படிகிறது. இது தங்கவயல் மக்களின் நெடுநாளைய துன்பம்.

இக்குவியல்களில் இன்னும் எஞ்சியுள்ள பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டத்திற்கு 2024 ஆம் ஆண்டில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. பொன் கிடைப்பது நன்றே. எனினும் அதற்குப் பின்னரும் தூள் தூளாகவே எஞ்சும் என்பதை மறத்தலாகாது. டன்னுக்கு ஒரு கிராம் அளவிலும் குறைந்த பொன்னைத் தேடும் ஊக்கத்தில் ஒரு பகுதியேனும், அத்தூளைப் பசுமையால் போர்த்துவதற்குச் செலவாக வேண்டும். அதற்கு வழி இயற்கை காட்டியதே. சரிவுகளைத் தணித்து நீர் அரிக்காமற் செய்தல், சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைத்தல், தொழுவுரமும் நல்ல மண்ணும் பரப்பி நுண்ணுயிர்களைக் குடியேற்றுதல், வறட்சி தாங்கும் புல்லை முதலில் வளர்த்தல், பின்னர் நைட்ரஜன் சேர்க்கும் அவரையினச் செடிகளையும் இறுதியில் மரங்களையும் நடுதல் என்பனவே அப்படிகள். கல்பாசியிலிருந்து பாசம், பாசத்திலிருந்து புல், புல்லிலிருந்து மரம் என்று பாறைமீது பல நூற்றாண்டுகளில் நிகழும் வரிசையை, மனித முயற்சியால் சில பத்தாண்டுகளுக்குள் சுருக்குவதே இது. முதற்படியைத் தாண்டி மூன்றாம் படிக்குத் தாவ முயன்றால் நட்ட மரம் பட்டுப்போகும்.

சுரங்கங்கள் மூடிய பின்னரும் நம் மக்கள் பெரும்பாலோர் தங்கவயலை விட்டுப் போகவில்லை. விடியற்காலையில் கிளைவண்டி ஏறிப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்பி வருவோர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் குழந்தைகள் விளையாடும் தெருவிற்குத் தூசியற்ற காற்று வேண்டும் என்பது அதிகமான வேண்டுகோள் அன்று.

அடுத்தமுறை அவ்வழியே செல்ல நேருமாயின், சாம்பல் மேட்டின் அடிவாரத்தைச் சிறிது உற்று நோக்குங்கள். மழைநீர் ஓடிய வாய்க்கால் ஓரத்தில் எங்கேனும் ஒரு புற்கற்றை நிற்கக்கூடும். காற்றில் வந்த சருகு இரண்டு அதன் அடியில் தங்கியிருக்கும். சருகின் கீழே விரலால் கிளறினால், தூளின் நிறம் சிறிதே கறுத்து, ஈரமாக, உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியவர் கேட்ட மண் அங்கேதான் தொடங்குகிறது.